இரண்டு பாட்டில்களும் வாசலில் நின்ற வண்டியும்

டாக்டரம்மா பாட்டிலை முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். கண்ணாடி பாட்டில், உள்ளே இருப்பது பார்வைக்கு வெறும் தண்ணீர். அதை மெல்லச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்து, துணுக்கு ஏதாவது மிதக்கிறதா என்று ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். நர்ஸுகள் நாங்கள் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். தண்ணீரைக் காய்ச்சி வடித்து, உப்பை அளந்து போட்டு, பாட்டிலில் ஊற்றி, நீராவியில் அவித்து எடுத்தது நாங்கள்தான். நூலிழை மாதிரி ஒன்று மிதந்தாலும் அவ்வளவும் சாக்கடைக்குப் போய்விடும். அழுக்கான தண்ணீர் ரத்தத்தில் ஏறினால் நோயாளிக்குத் தூக்கிப் போடுகிற குளிர் வரும். கட்டிலே தடதடவென்று ஆடும். அதை நான் பார்த்திருக்கிறேன். தெளிந்த தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இது அறுபதுகளின் கடைசி. ஓசூரில் அப்போது கம்பெனிகள் கிடையாது. சைரன் சத்தம் கிடையாது. பெங்களூர் ரோட்டில் லாரியைவிட மாட்டுவண்டி அதிகம். ஊர்க் கோடியில் மிஷன்காரர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் படிப்பு முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டாக்டரம்மா தெற்கத்திக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரல் உயராது, முகம் கோணாது. அவரிடம் ஜனங்களுக்கு இருந்த ஒரே குறை, எதைக் கேட்டாலும் சற்று யோசித்துவிட்டு "தெரியல" என்று சொல்லிவிடுவதுதான். காய்ச்சல் எப்போது விடும் என்று கேட்டால் தெரியல. பிழைப்பானா என்றால் தெரியல, பார்ப்போம். என் அக்கா பிள்ளை உண்டாகியிருந்தபோது மாமா அவளைக் காட்டக் கூட்டிவந்தார். பையனா, பெண்ணா என்று நைசாகக் கேட்டுப் பார்த்தார். அதற்கும் அதே பதில்தான். வெளியே வந்து மாமா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "உங்க டாக்டரம்மாவுக்கு என்னதான் பாப்பா தெரியும்? எங்க ஊரு பூசாரிகூட இதைவிட ஜாஸ்தி சொல்லுவான்" என்றார்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டிய ஊர். கேழ்வரகும் அவரையும் போடுவார். பாதியை யானை தின்றுவிட்டுப் போகும். கெட்டிக்காரர். சந்தையில் எல்லோரும் விற்கிற நேரத்தில் விற்காமல், பின்னால் நின்று நிலவரம் பார்த்து, கடைசியில் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு வருவார். எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் அக்காவின் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வழியில்லாமல் மாமா ஊரிலேயே என்று முடிவாகியிருந்தது. ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். மாமாவின் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளில் என்னை நடுங்க வைத்தவர்கள் 'செப்டிக்' ஆனவர்கள். அரிவாள் வெட்டுக்குச் சாணி வைத்துக் கட்டியவர்கள், கல்குவாரியில் கால் நசுங்கியவர்கள், பிள்ளை பெற்ற பிறகு காய்ச்சல் கண்ட பெண்கள். புண்ணில் இருந்த விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கும். உடம்பு முதலில் கொதிக்கும். பிறகு கை கால் சில்லிட்டுப் போகும். நாடியைத் தேடினால் விரலுக்கு அகப்படாமல் நழுவும். பென்சிலின் ஊசி ஒரு பக்கம் போடுவோம். ஆனால் ரத்த அழுத்தம் அதல பாதாளத்தில் கிடக்கிறவனுக்கு உடனே வேண்டியது நரம்பு வழியாகத் தண்ணீர். எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. எந்தத் தண்ணீர் என்பதில்தான் குழப்பம்.

ஜனங்களைக் கேட்டால் குளுகோஸ் என்பார்கள். அது இனிப்பு, தெம்பு தரும். உப்புத் தண்ணீர் என்றதும் முகத்தைச் சுளிப்பார்கள். "உப்புத்தண்ணி ஏத்தறதுக்கா அம்மாந்தூரத்துலேர்ந்து வந்தோம்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. டாக்டரம்மாவின் குழப்பம் வேறு. நாங்கள் தயாரித்தது சாதாரண உப்புத் தண்ணீர், இப்போது என்.எஸ். என்கிறார்களே, அதுதான். பெங்களூரிலிருந்து இன்னொரு தினுசு வந்துகொண்டிருந்தது. உப்போடு வேறு சில உப்புகளும் லாக்டேட்டும் கலந்தது, இப்போது ஆர்.எல். என்கிறார்கள். ஒருநாள் நானே கேட்டேன், இரண்டில் எது நல்லது என்று. "ரத்தத்துல இருக்கிற உப்பு பல தினுசு. நாம ஏத்துறது ஒரே தினுசு. நிறைய ஏத்தினா உடம்புக்குள்ள புளிச்சுப் போகுமோன்னு ஒரு சந்தேகம். புதுசு ரத்தத்துக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கு. ஆனா அதனால ஆள் பிழைக்கிறானா? தெரியல" என்றார்.

தெரியாததைத் தெரிந்துகொள்ள அவர் ஒரு வழி வைத்தார். செப்டிக் ஆகி வருகிற ஒருவருக்குப் பழைய பாட்டில். அடுத்து வருகிறவருக்குப் புது பாட்டில். அதற்கடுத்து மறுபடி பழையது. வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. பண்ணையாராக இருந்தாலும் பண்ணையாளாக இருந்தாலும் உள்ளே நுழைகிற வரிசைதான். மற்ற மருந்தெல்லாம் எல்லோருக்கும் ஒன்றே. எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. உயிர் போகிற நேரத்தில் இதென்ன பல்லாங்குழி ஆட்டம் என்று தோன்றியது. தெரிந்த மாதிரியாவது நடிக்கக்கூடாதா, அப்படி நடித்தால் எங்களுக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்குமே என்று நினைத்துக்கொள்வேன். சொல்லத் துணியவில்லை.

நானும் டாக்டரம்மாவும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. புது பாட்டில் ஏற்றியவர்களில் முதலில் வந்த இரண்டு பேர் மளமளவென்று தேறி எழுந்து போய்விட்டார்கள். பழைய பாட்டில் ஏற்றிய ஒரு பாட்டி இறந்துபோனார். பாட்டிக்கு வந்தபோதே நினைவில்லை என்பதை யார் யோசித்தார்கள்? வார்டு ஆயா எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்து விலாவாரியாகச் சொன்னாள். புது பாட்டில் மூடி சிவப்பு, எங்கள் பாட்டில் மூடி கறுப்பு. ஜன்னல் வழியாகவே தெரியும். கொஞ்ச நாளில் ஓசூரிலிருந்து ஜூஜுவாடி வரைக்கும் செய்தி போய்விட்டது: செவப்பு மூடி நல்ல பாட்டில், கறுப்பு மூடி ஆகாத பாட்டில், ஒன்று விட்டு ஒன்று போடுகிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்து "இப்ப எது ஓடுது? அடுத்தது எது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், பஸ் வரும் நேரம் கேட்பதுபோல. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த மாங்காய் மண்டிக்காரர் குடும்பம் வாசற்படியில் நின்று தங்களுக்குள் சண்டை போட்டது, இப்போது உள்ளே போவதா, சற்றுப் பொறுத்துப் போவதா என்று. டாக்டரம்மாவே வெளியே வந்து நோயாளியை இழுத்துக்கொண்டு போனார். அன்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல செய்தி வந்த அந்த வாரத்திலேயே கெட்ட செய்தியும் வந்தது. தேன்கனிக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் காலையில் ஆஸ்பத்திரி முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து சொன்னார். "உங்க அக்காவுக்கு ராத்திரி பூரா குளிர் காய்ச்சலாம். பஸ்ஸுல உக்கார முடியாதுன்னு மாட்டுவண்டியில படுக்கவெச்சு இட்டுகினு வராங்க. விடியறதுக்கு முந்தியே கெளம்பிட்டாங்க." பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் காய்ச்சல் என்றால் அது எதுவென்று எனக்குத் தெரியும். பச்சை உடம்புக்காரி என்று அந்த ஊரில் தண்ணீரே கொடுக்க மாட்டார்கள், உதட்டை நனைப்பதோடு சரி. அதுவும் தெரியும். கட்டிலைத் துடைத்து விரித்தேன். ரப்பர் குழாய்களை அவித்து எடுத்து வைத்தேன். ஊசிகளைக் கல்லில் தீட்டிப் பார்த்தேன். இரண்டு மூடி பாட்டில்களையும் மேஜையில் வைத்தேன். அன்று விடிகாலையில் ஒருவருக்குச் சிவப்பு மூடி போட்டிருந்தோம். அடுத்தது கறுப்பு. அது நினைவுக்கு வந்ததும் வேலையை அப்படியே விட்டேன். டாக்டரம்மாவிடம் போய்க் கெஞ்சினேன், என் அக்காவுக்கு மட்டும் புது பாட்டில் போடுங்கள் என்று. என்னை உட்காரச் சொன்னார். "எது நல்லதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா எல்லாருக்குமே அதையே போட்டிருப்பேனேம்மா. தெரியாமத்தானே மாத்தி மாத்திப் போடுறேன். சீக்கிரம் வரட்டும். அதுதான் முக்கியம்" என்றார்.

வெயில் ஏறியது. வண்டி வரவில்லை. மாடு களைத்திருக்கும், சக்கரம் கழன்றிருக்கும், யானை மறித்திருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து எனக்கு வாய் உலர்ந்துபோயிற்று. மாதாவே, மாதாவே என்று முனகிக்கொண்டு ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தேன். டாக்டரம்மா தலையை நீட்டி, "இன்னும் வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாவது தடவையும் கேட்டார். அப்போதுதான் நாலு பேர் ஒரு கம்பளியைத் தொட்டில்போலப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அத்திப்பள்ளி பக்கத்துக் குவாரி ஆள். கால் கறுத்து வீங்கியிருந்தது, உடம்பு சில்லென்றிருந்தது. கறுப்பு மூடி பாட்டிலை ஏற்றினோம். தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஓட ஆரம்பித்தது. அக்காவுக்கு இனிச் சிவப்பு மூடி என்று எனக்குள் ஓர் ஓரத்தில் நிம்மதி எட்டிப் பார்த்ததும் உண்மை.

தூக்கிவந்தவர்களில் ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "வெளியில ஒரு வண்டி நிக்குதம்மா. அவர் வீட்டுப் பொம்பளைக்கும் ஒடம்பு சரியில்ல போல. பாவம், எங்களுக்கு முன்னாடியே வந்தவரு. எங்களைப் பார்த்ததும் 'நீவு மொதலு ஹோகி'ன்னு எங்க பாஷையிலேயே சொல்லி, முன்னால போகச் சொல்லிட்டாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனைப் பார்க்க முடியுமா?"

கையில் இருந்த தட்டு எங்கே போனது என்று தெரியாது. ஓடினேன். கேட்டுக்கு வெளியே, எங்கள் ஜன்னலுக்குத் தெரியாத மறைவில், டீக்கடைக்குப் பக்கத்தில் தைலமரத்து நிழலில் வண்டி நின்றிருந்தது. மாடுகளை அவிழ்த்து வைக்கோல்கூடப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை எத்தனை வருஷம் ஆனாலும் என்னால் மறக்க முடியவில்லை. சந்தையில் நல்ல விலைக்கு விற்றுவிட்டு வருகிற முகம். "கறுப்பு மூடி அந்த ஆளுக்குப் போயிடுச்சா பாப்பா? இப்ப நம்ம முறை செவப்பு மூடிதானே?" என்று கேட்டார். வைக்கோல்மேல் கம்பளிக்குள் அக்கா கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி கிடைக்கவில்லை. கழுத்தில்தான் லேசாகத் தெரிந்தது. "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?" என்று நான் அலறியது டீக்கடையில் இருந்தவர்களை எல்லாம் எழுந்து நிற்க வைத்தது. கீழே கிடந்த மாட்டுச் சாணத்தைப் பார்த்தேன். அது காய்ந்துபோயிருந்தது.

அக்காவுக்குச் சிவப்பு மூடிதான் ஏறியது. மாமா ஆசைப்பட்டபடியே. நரம்பு சுருங்கிப்போய்க் கிடைக்காமல், டாக்டரம்மா கணுக்காலில் கத்தியால் கீறி நரம்பைத் தேடி எடுத்துக் குழாயைக் கட்டினார். ஒரு பாட்டில் முடிந்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. சாயங்காலம் அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "தண்ணி குடுக்க மாட்டேங்கறாங்கடி" என்றாள். ஸ்பூனால் வாயில் ஊற்றினேன். அதோடு அவள் பேசவில்லை. மறுநாள் மதியம் போய்விட்டாள். பக்கத்து வார்டில் குவாரி ஆள் கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தான். பாதத்தில் பாதி போனாலும் அவன் பிழைத்துக்கொண்டான்.

மாமா அழவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டிருந்தவர், டாக்டரம்மா வெளியே வந்ததும் எதிரே போய் நின்றார். கைகூப்பக்கூட மறந்துபோயிருந்தார். "நேரா உள்ளே இட்டாந்திருந்தா பொழைச்சிருப்பாளாம்மா?" என்று கேட்டார். நான் டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியல என்று சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும், இந்த மனுஷனுக்கு அது வேண்டும் என்றுகூட நினைத்தேன். டாக்டரம்மா சொன்னார்: "இல்லை. ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது. வீட்டுலேர்ந்து கிளம்பும்போதே முத்திப்போச்சு. நீங்க நின்னதால எதுவும் ஆகல." மாமா சற்று நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு வண்டியைப் பூட்டப் போனார்.

அறைக்குள் போய் நான் டாக்டரம்மாவிடம் சண்டை போட்டேன். வேலை போனால் போகட்டும் என்ற நிலைமையில் இருந்தேன். எல்லாவற்றுக்கும் தெரியல என்கிற நீங்கள் இதற்கு மட்டும் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் மேஜைமேல் இருந்த இரண்டு பாட்டில்களையும் பார்த்தார். "அவரை வாசல்ல நிறுத்தினது நான்தானேம்மா" என்றார். அன்றோடு ஒன்று விட்டு ஒன்று போடுவது நின்றுபோயிற்று. செப்டிக் என்று யார் வந்தாலும் பேர் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் ஏற வேண்டும், கைக்கு எது கிடைக்கிறதோ அது, என்று சொல்லிவிட்டார். எது நல்லது என்ற அவருடைய கேள்வி அப்படியே பாதியில் நின்றது. சில வருஷம் கழித்து அவர் சொந்த ஊருக்குப் போனார். அங்கேயே காலமானார் என்று கேள்விப்பட்டேன்.

மாமா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகளை வளர்த்து, படிக்கவைத்து, ஓசூரில் கம்பெனிகள் வந்தபிறகு அங்கேயே வேலை பார்க்கிற ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது என் வீட்டுக்குக் கேழ்வரகும் அவரைக்காயும் கொண்டுவந்து கொடுப்பார். நான் வாங்கி வைத்துக்கொள்வேன், காபி கொடுப்பேன். மனசுக்குள் அந்த வண்டி நின்றுகொண்டே இருக்கும். டாக்டரம்மா சொன்னது பொய் மாமா என்று நாக்கு நுனிவரை வந்து திரும்பிய நாட்கள் எத்தனையோ. ஒரு நாளாவது அவர் தூக்கம் கெடட்டும் என்று தோன்றும். அப்புறம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பேன், அக்காவை உரித்து வைத்திருப்பாள், வாயை மூடிக்கொள்வேன்.

போன வருஷம் மாமாவின் பேரனுக்குக் காய்ச்சல் என்று ஓசூரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். கண்ணாடி பாட்டில் எல்லாம் போய் இப்போது பிளாஸ்டிக் பை. ஒரு கட்டிலில் என்.எஸ்., அடுத்த கட்டிலில் ஆர்.எல். அங்கே இருந்த இளவயது டாக்டரிடம் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன், இரண்டில் எது நல்லது தம்பி என்று. "இன்னும் கம்பேர் பண்ணிட்டுத்தான் இருக்காங்க பாட்டி. சிலருக்கு இது, சிலருக்கு அது. ஆனா எதுவா இருந்தாலும் சீக்கிரம் ஆரம்பிச்சுடணும், அதுல சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். திரும்பிப் பார்த்தால் மாமா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சுவரில் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு: ரத்தத்தில் நஞ்சு பரவினால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், தாமதிக்காதீர்கள். அதற்கு முன்னால் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றார். எண்பது தாண்டிய மனுஷன், எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை அசையவில்லை.

இத்தனை வருஷம் எந்த நாளுக்குக் காத்திருந்தேனோ அந்த நாள் வந்துவிட்டது. ஆனால் இப்போது அது வேண்டாம் என்றிருந்தது எனக்கு. அவர் கேட்கப் போகிறார், நான் என்ன சொல்வது? டாக்டரம்மா மாதிரி கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வருமா? பக்கத்து பெஞ்சில் அவரை உட்காரவைத்து, "அதெல்லாம் இந்தக் காலத்து வைத்தியம் மாமா. அப்ப இருந்த நிலைமையே வேற. டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

மாமா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ ஏன் பாப்பா செரமப்படறே? அது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

"எப்படி மாமா?" என்றேன்.

"பையனா பொண்ணான்னு கேட்டதுக்கே யோசிச்சு யோசிச்சு தெரியலன்னு சொன்ன மனுஷி. அன்னிக்கு நான் கேட்டு வாய மூடறதுக்குள்ள பதில் சொல்லிப்புட்டாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு." கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "மேல கேக்கலாம்னு வாயெடுத்தேன். அவங்க மூஞ்சியப் பார்த்தேன், பாப்பா. ராத்திரி பூரா நின்ன மனுஷி. கண்ணு ரெண்டும் என்னைக் கெஞ்சுது, நம்பிடுன்னு. எனக்கு வந்தது எனக்கு, அந்தம்மாவையும் எதுக்குச் சாகடிக்கணும்? அதான் தலையாட்டிட்டு வந்துட்டேன்."